மூன்றாம் நாள் சோறு



என் ஆயாவுக்குப் பிறந்த பிள்ளைகள் எட்டு. தங்கியவை நான்கு. போன நான்கில் இரண்டு பிள்ளைகள் "பசியில போகல, சோத்துல போச்சு" என்பார் ஆயா. சிறுவயதில் எனக்கு அது விளங்கவில்லை. சோறு இல்லாமல் சாவது தெரியும். சோற்றால் எப்படிச் சாவது?

செய்யூர் பக்கம் எங்கள் ஊர். ஏரிப் பாசனம். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் சேரிக்கு வேலை இருக்காது. கீரை, நத்தை, வயல் நண்டு, புளியங்கொட்டை என்று ஓடும். மார்கழியில் அதுவும் குறையும். தையில் அறுப்பு வந்தால் களத்துமேட்டில் கூலி நெல் கிடைக்கும். அன்றைக்கே குத்தி, உலையில் போட்டு, மாதக் கணக்கில் ஒட்டியிருந்த வயிற்றுக்குப் புது அரிசிச் சோற்றை முட்ட முட்டக் கொடுத்திருக்கிறார். மூன்று நாள் வயிற்றுப்போக்கு. ஒரு தையில் ஒரு பிள்ளை, இரண்டு வருடம் கழித்து இன்னொன்று. அதன் பிறகு பிறந்த பிள்ளைகளுக்கு ஆயா ஒரு சட்டம் வைத்தார். "மொதல் நாளு தண்ணி. ரெண்டாம் நாளு கஞ்சி. சோறு மூணாம் நாளுதான்." முதல் நாள் உப்புப் போட்ட வடிகஞ்சி, அதுவும் சிறு குவளையில், பொழுதுக்கும் கொஞ்சம் கொஞ்சமாக. மறுநாள் கேழ்வரகுக் கஞ்சி. குழந்தைகள் அழும், பானையைச் சுரண்டும். ஆயா பானையைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாராம். என் அப்பா அப்படிப் பிழைத்தவர்.

இதைச் சொல்லிவிட்டு "நம் முன்னோரின் அறிவியல்" என்று கைதட்டல் வாங்க நான் வரவில்லை. அது இரண்டு பிள்ளைகளைக் கொடுத்து வாங்கிய அறிவு. பட்டினியின் வரலாற்றை நாம் ஓரளவு எழுதியிருக்கிறோம். பட்டினிக்குப் பின் மனிதர்கள் எப்படி மறுபடி சாப்பிடத் தொடங்கினார்கள், அந்த முதல் கவளத்தை யார் கொடுத்தார்கள், எவ்வளவு கொடுத்தார்கள், எங்கே உட்காரவைத்துக் கொடுத்தார்கள் என்பதை எழுதவில்லை. இன்றைய நினைவுரையில் அதைப் பேசலாம் என்று நினைக்கிறேன். நாம் நினைவுகூரும் தோழருக்கும் இந்தப் பேச்சுக்கும் ஒரு தொடர்பு உண்டு. அதைப் பிறகு சொல்கிறேன்.

இந்தக் கேள்விக்கு உலகம் திருப்பித் திருப்பிச் சொல்லும் விடை அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்திலிருந்து வருகிறது. இரண்டாம் உலகப் போர் முடியும் நேரம். ஐரோப்பாவில் பட்டினி கிடப்பவர்களுக்கு எப்படி உணவைத் திருப்பிக் கொடுப்பது என்று தெரியவில்லை. ஆன்செல் கீஸ் என்ற உடலியல் ஆய்வாளர், போரில் ஆயுதம் ஏந்த மறுத்த இளைஞர்கள் 36 பேரைச் சேர்த்து 1944 நவம்பரில் ஒரு சோதனை தொடங்கினார். முதல் 12 வாரம் இயல்பான உணவு, நாளுக்கு 3,200 கலோரி அளவில். அடுத்த 24 வாரம் அதில் ஏறக்குறையப் பாதி: ரொட்டி, உருளைக்கிழங்கு, முட்டைக்கோஸ், டர்னிப் கிழங்கு. பிறகு 12 வாரம் மீட்பு உணவு. 1950இல் இரண்டு பெரிய தொகுதிகளாக முடிவுகள் வந்தன.

உடல் எடையில் கால்வாசி போனது. அதைவிட முக்கியம், மனம் போனது. உணவைத் தவிர வேறு பேச்சில்லை. சமையல் குறிப்புகளைச் சேர்த்தார்கள், தட்டை நக்கினார்கள், எரிந்து விழுந்தார்கள், தனியே ஒதுங்கினார்கள். மீட்புக் காலத்தில் இன்னொன்று தெரிந்தது. வைட்டமின் மாத்திரையும் கூடுதல் புரதமும் பெரிய மாற்றம் எதையும் செய்யவில்லை. மொத்தச் சோற்றின் அளவு கூடியபோதுதான் உடல் எழுந்தது. நாளுக்கு 4,000 கலோரி போல மாதக் கணக்கில் தேவைப்பட்டது. கட்டுப்பாடு நீங்கியதும் சிலர் வயிறு வலிக்க வலிக்கத் தின்றார்கள். தின்ற பிறகும் பசித்தது. வயிறு நிறைந்தது என்ற செய்தியே அவர்களுக்கு வரவில்லை. அது ஒழுங்குக்கு வரப் பல மாதங்கள் பிடித்தன.

இந்த ஆய்வை நான் மதிக்கிறேன். ஆனால் அதன் முதல் 12 வாரத்தில் என் கண் நின்றுவிடுகிறது. அந்த 36 பேருக்கும் ஒரு "இயல்பு" இருந்தது. அளந்து, எழுதி, படம் பிடித்து வைக்கப்பட்ட இயல்பு. மீட்பு என்றால் அங்கே திரும்புவது. என் ஆயாவுக்கு எங்கே திரும்புவது? அடைமழைக்கு முன்னால் இருந்த ஆவணிக்கா? ஆவணியிலும் இரண்டு வேளைதான். பண்ணையாளுக்கு, படியாளுக்கு, வெட்டியானுக்கு அந்த முதல் 12 வாரம் வரலாற்றில் எப்போதும் இருந்ததில்லை. எனவே நமக்கு நல்ல உணவுப் பழக்கத்தை மீட்டெடுப்பது என்றால், பாதி அதை முதன்முதலாக உருவாக்குவதுதான்.

1876ஆம் ஆண்டு பருவமழை பொய்த்துத் தொடங்கிய பெரும் பஞ்சத்துக்கு வருகிறேன். தாது வருஷப் பஞ்சம் என்று நம் கிழவிகள் சொன்னது. சென்னை மாகாணத்தில் மட்டும் 30 லட்சத்துக்கு மேல் செத்தார்கள். முதலில் செத்தவர்கள் நிலமில்லாத கூலிகள். அன்றைய ஆவணங்கள் "பறையர்" என்று பெயர் சொல்லியே எழுதுகின்றன. 1877 ஜனவரி முதல் தேதி டெல்லியில் விக்டோரியாவை இந்தியாவின் பேரரசி என்று அறிவித்து லிட்டன் பிரபு தர்பார் நடத்தினார். அந்த மாதமே சர் ரிச்சர்ட் டெம்பிள் பஞ்சத் தூதராகச் சென்னை மாகாணத்துக்கு வந்தார்.

டெம்பிளின் கதை விசித்திரமானது. 1873-74இல் பீகாரிலும் வங்காளத்திலும் பஞ்சம் வந்தபோது இதே மனிதர் பர்மா அரிசியைக் கப்பல் கப்பலாக இறக்கி, மிகச் சிலரே சாகும்படி பார்த்துக்கொண்டார். அதற்கு அவருக்குக் கிடைத்தது வீண்செலவுக்காரர் என்ற பட்டம். உயிர்களைக் காப்பாற்றியதற்காகத் திட்டு வாங்கிய அதிகாரி, அடுத்த முறை சிக்கனக்காரராக வந்து நின்றார். நிவாரண வேலையில் மண் சுமக்கும் ஆளுக்கு நாளுக்கு ஒன்றரை பவுண்டு தானிய அளவில் இருந்த கூலியை ஒரு பவுண்டு தானியம், அதோடு சொற்பக் காசு என்று குறைத்தார். ஒரு பவுண்டு என்பது 450 கிராம். அரிசியாகக் கணக்குப் போட்டால் 1,600 கலோரிக்குச் சற்று முன்பின். மின்னசோட்டாவில் அந்த இளைஞர்களை எலும்பாக்கிய அளவும் ஏறக்குறைய இதுதான். அவர்கள் வாரத்துக்கு 22 மைல் நடந்தார்கள். நம் ஆட்கள் பொழுதுக்கும் கல் உடைத்தார்கள், வாய்க்கால் வெட்டினார்கள். சென்னையில் அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கும் பக்கிங்காம் கால்வாய்த் துண்டு அப்படி வெட்டியதுதான். இன்று அதன் மேல் பறக்கும் ரயில் போகிறது. ஜன்னலோரம் உட்கார்ந்து போகும் மாணவத் தோழர்கள் ஒருமுறை கீழே பாருங்கள்.

அன்றைக்கு இதை எதிர்த்து எழுதியவர் சென்னை மாகாணச் சுகாதார ஆணையர் டாக்டர் கார்னிஷ். அவர் புரட்சிக்காரர் அல்ல, காலனி அரசின் ஊழியர். ஆனால் மாகாண மக்கள் என்ன சாப்பிடுகிறார்கள், சிறையில் என்ன போடுகிறார்கள் என்று 1863லேயே அறிக்கை தொகுத்தவர். உழைக்கும் உடலுக்குத் தானியம் மட்டும் போதாது, பருப்பு வேண்டும், உப்பும் புளியும் காய்கறியும் வேண்டும் என்றார். சிறைக் கைதிக்குக் கொடுப்பதைவிடக் குறைவாக உழைக்கும் மனிதனுக்குக் கொடுக்கிறீர்கள் என்றார். டெம்பிள், மனிதன் உயிர் வாழ எவ்வளவு போதும் என்று பார்த்தார். கார்னிஷ், மனிதன் மனிதனாக எழுந்து நிற்க எவ்வளவு வேண்டும் என்று பார்த்தார். சில மாதங்களில் அரசு பின்வாங்கி அளவை உயர்த்த வேண்டி வந்தது. அதற்குள் எத்தனையோ உடல்கள் திரும்ப முடியாத தூரம் போய்விட்டன.

அந்தத் தூரத்தை அளந்தவர் ஒருவர் உண்டு. சென்னை நிவாரண முகாம்களில் பணியாற்றிய மருத்துவர் அலெக்சாண்டர் போர்ட்டர், செத்தவர்களின் உடல்களைத் திறந்து பார்த்து, 1889இல் பஞ்ச நோய்களைப் பற்றி ஒரு புத்தகம் வெளியிட்டார். பட்டினியில் குடலே மெலிந்து காகிதம்போல் ஆகிவிடுகிறது, அதனால் கிடைத்த உணவையும் ஏற்க முடியாமல் வயிற்றுப்போக்கில் போகிறார்கள் என்பது அவர் கண்டது. முகாமுக்கு வந்து, சோறு கிடைத்து, சோறு கிடைத்த பிறகு செத்தவர்கள். என் ஆயா சொன்னதும் அதுதான். மின்னசோட்டாவின் முன்னோடிகளில் ஒன்றாக இந்தப் புத்தகம் எண்ணப்படுகிறது. அதாவது, பட்டினி உடல் பற்றிய உலக மருத்துவ அறிவின் அடியில் ராயபுரத்துப் பிணவறையில் கிடந்த பெயரில்லாத நம் சேரி உடல்களும் இருக்கின்றன. அந்த அறிவு திரும்பி வந்து சேரிக்கு ஒருநாளும் சொல்லப்படவில்லை. ஆயா தானாகக் கற்க வேண்டியிருந்தது.

இப்போது யார் சமைத்தது, யார் தொட்டது என்ற கேள்வி. 1866இல் ஒரிசாவில் பஞ்சம் வந்தபோது அன்னச் சத்திரங்களில் சமைத்த உணவு கொடுத்தார்கள். அங்கே உட்கார்ந்து சாப்பிட்டுப் பிழைத்தவர்களை ஊரில் மறுபடி சேர்க்கவில்லை. யாரோ தொட்ட சோற்றைத் தின்றவர்கள் என்று சாதிக்கு வெளியே தள்ளினார்கள். அவர்கள் "சத்திரத்தில் தின்றவர்கள்" என்ற பெயரில் ஒரு தனிச் சாதியாகவே ஆனார்கள். சத்ரகாயி என்பது அந்தச் சாதியின் பெயர். ஒரு வேளைச் சோறு ஒரு சாதியைப் பிறப்பித்திருக்கிறது. சமூகவியல் மாணவனாக இதை முதலில் படித்தபோது புத்தகத்தை மூடிவிட்டு வெளியே போய் டீ குடித்தேன். பட்டினிக்குப் பிறகு உடல் திரும்பினாலும் பந்திக்குத் திரும்ப முடியாது என்றால் அது என்ன மீட்சி?

1943 வங்காளப் பஞ்சத்தில் நிலமற்ற கூலிகளும் மீனவர்களும் லட்சக்கணக்கில் கல்கத்தா தெருக்களுக்கு வந்து விழுந்தார்கள். அங்கே மருத்துவர்கள் அரிசி, பால்பொடி, சர்க்கரை கலந்த ஒரு கரைசலைச் செய்தார்கள். 1945 ஏப்ரலில் பிரிட்டிஷ் படை ஜெர்மனியின் பெர்கன்-பெல்சன் வதைமுகாமுக்குள் நுழைந்தபோது, முதலில் சிப்பாய்கள் தங்கள் டின் இறைச்சியையே எடுத்துக் கொடுத்தார்கள். அன்பினால்தான். கொழுப்பான அந்த உணவைத் தாங்க முடியாமல் பலர் செத்தார்கள். விடுதலைக்குப் பிறகு அந்த முகாமில் செத்தவர்கள் மட்டும் ஏறக்குறைய 14,000 பேர், நோயும் பட்டினியும் சேர்ந்து. பிறகு வங்காளப் பஞ்சக் கலவையைக் கொண்டுவந்தார்கள். கிழக்கு ஐரோப்பாவிலிருந்து வந்த கைதிகள் அந்தத் தித்திப்பை விழுங்க மறுத்தார்கள். அவர்கள் நாக்குக்குப் பழகிய உணவு வேறு. சாவின் விளிம்பில் கிடந்தவருக்கும் தன் நாக்கு என்று ஒன்று இருந்திருக்கிறது. நிவாரணம் கொடுப்பவர்கள் மறக்கும் விஷயம் இது. பசித்தவனுக்கு ருசி எதற்கு என்பது பசிக்காதவன் கேள்வி.

இப்போது மருத்துவத்துக்கு இந்தச் சிக்கலின் உள்ளே நடப்பது தெரியும். நீண்ட நாள் உணவில்லாத உடல் தன் கொழுப்பை எரித்து ஓடுகிறது. உயிரணுக்களில் பாஸ்பேட், பொட்டாசியம், மெக்னீசியம் வற்றிவிடுகின்றன. அந்நேரம் திடீரென்று மாவுச்சத்தும் சர்க்கரையும் போனால் இன்சுலின் எழுகிறது. இரத்தத்தில் மிச்சமிருக்கும் இந்த உப்புகளும் உயிரணுக்களுக்குள் இழுக்கப்பட்டு, இரத்தத்தில் அளவு சரிகிறது. இதயத் துடிப்பு தடுமாறும், மூச்சு தளரும். தயமின் என்ற பி1 வைட்டமின் தீர்ந்திருந்தால் மூளையும் பாதிக்கும். ஐந்து நாளுக்கு மேல் ஏறக்குறைய ஒன்றும் சாப்பிடாதவருக்கு முதல் இரண்டு நாள் தேவையில் பாதிக்கு மேல் கொடுக்காதே என்று பிரிட்டனின் மருத்துவ வழிகாட்டல் சொல்கிறது. கடுமையாக மெலிந்த குழந்தைக்கு உலக சுகாதார நிறுவனம் முதல் சில நாள் எஃப்-75 என்ற மெல்லிய பால் கரைசலை இரண்டு மூன்று மணிக்கு ஒருமுறை சிறு அளவில் கொடுக்கச் சொல்கிறது. அப்போது எடை கூடவேண்டும் என்பது நோக்கமே அல்ல. குழந்தை நிலைப்பட்டு, பசி திரும்பிய பிறகுதான் எஃப்-100, அதன் பிறகு வீட்டுச் சாப்பாடு.

இதை இவ்வளவு விளக்கமாகச் சொல்வதற்குக் காரணம் இந்த அரங்கில் உட்கார்ந்திருப்பவர்கள். நாம் உண்ணாவிரதம் இருக்கிறவர்கள். எட்டாம் நாள், பத்தாம் நாள் ஒரு தலைவர் வருவார், கேமராக்கள் வரும், ஒரு பெரிய கண்ணாடித் தம்ளர் நிறைய சர்க்கரை போட்ட பழச்சாறு வரும். அந்தப் படத்தை நாம் வெற்றி என்று போடுகிறோம். தயவுசெய்து இனிமேல் தலைவருக்கு முன்னால் மருத்துவரைக் கூப்பிடுங்கள். தயமின் கொடுத்த பிறகு, மருத்துவர் சொல்லும் அளவில், சில நாள் கண்காணிப்பில் உண்ணத் தொடங்கவேண்டிய உடல் அது. போராட்டத்தில் பிழைத்துப் பழச்சாற்றில் சாகக்கூடாது.

இந்தப் படிகளெல்லாம் முதல் வாரத்துக்கு. அதற்குப் பின் வரும் வருடங்களுக்கு எந்த மருத்துவமனையிலும் அட்டவணை இல்லை. அதை நம் மக்கள் தெருவில் எழுதினார்கள்.

1891இல் செங்கல்பட்டு ஆட்சியர் டிரெமன்ஹீர் தன் மாவட்டத்துப் பறையர் நிலையைப் பற்றி ஓர் அறிக்கை எழுதினார். பஞ்சம் முடிந்து பதின்மூன்று ஆண்டுகள் ஆகியிருந்தன. வீட்டுமனைகூடச் சொந்தமில்லை, கடனில் பிறந்து கடனில் சாகிறார்கள் என்று அவர் எழுதியதன் தொடர்ச்சியாகத்தான் 1892இல் பஞ்சமி நில ஆணை வந்தது. அதை நாம் நில உரிமை என்ற கணக்கில் பேசுகிறோம். நான் அதைச் சோற்றுக் கணக்கிலும் பார்க்கிறேன். சொந்தமாக அரை ஏக்கர் இருந்திருந்தால் ஆயா வீட்டுப் பானையில் கார்த்திகையிலும் கேழ்வரகு இருந்திருக்கும். தையில் அந்தப் பாய்ச்சல் தேவைப்பட்டிருக்காது. அந்த நிலம் யார் யார் கைக்குப் போனது என்பதும், 1994இல் காரணையில் அதைக் கேட்டவர்கள் மீது துப்பாக்கிச் சூடு நடந்ததும் உங்களுக்குத் தெரியும்.

தஞ்சையில் பண்ணையாளின் வாயே பண்ணையாருடையதாக இருந்தது. சவுக்கடியோடு சாணிப்பாலும் புகட்டினார்கள். 1940களில் செங்கொடிச் சங்கம் அதை நிறுத்தியது. 1952இல் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1968 டிசம்பர் 25 இரவு கீழவெண்மணியில் 44 பேரை எரித்தார்கள். கேட்டது என்ன? கூலியில் அரைப்படி நெல் கூடுதலாக. கீஸ் தன் ஆய்வகத்தில் நாளுக்கு 400 கலோரி, 800 கலோரி, 1,200, 1,600 என்று நான்கு குழுவுக்குக் கூட்டிக் கொடுத்து எது போதும் என்று பார்த்தார். வெண்மணியில் அந்தக் கூடுதலைக் கேட்டதற்குத்தான் குடிசையைக் கொளுத்தினார்கள். இரண்டையும் அருகருகே வைத்துப் பாருங்கள் என்று மட்டும் சொல்லி நகர்கிறேன்.

1927 மார்ச்சில் மகாத் மாநாட்டில் அண்ணல் அம்பேத்கர் செத்த மாட்டிறைச்சியை விடுங்கள், வீசியெறியும் மிச்ச ரொட்டியை வாங்காதீர்கள் என்றார். இதுவும் உணவுப் பழக்கத்தைச் சீர்செய்யும் ஒரு முயற்சிதான், கலோரியில் தொடங்காமல் கௌரவத்தில் தொடங்கியது. விட்டதற்குப் பதிலாக எது வந்தது என்ற கேள்வி அன்றைக்குப் பல குடும்பங்களுக்குக் கடினமாகத்தான் இருந்திருக்கும். அதை மறைக்க வேண்டியதில்லை. இங்கே நமக்கு மாட்டுக்கறி, குடல், உப்புக்கண்டம், கருவாடு ஆகியவை பிழைத்த உணவு. அதைச் சாப்பிட்டதற்காக வெட்கப்படவைத்தார்கள். மீண்டு வரும் உடலுக்கு மிகத் தேவையான புரதத்தை ஒளிந்து தின்னவேண்டிய பொருளாக்கிவிட்டுப் பிறகு "சத்துணவு விழிப்புணர்வு" நடத்துவது ஒரு வேடிக்கை.

பள்ளிக்கூடச் சோறு நாம் வென்ற இன்னொரு களம். 1920இல் நீதிக்கட்சியின் தியாகராயர் தலைமையிலிருந்த சென்னை மாநகராட்சி, ஆயிரம் விளக்குப் பள்ளியில் பிள்ளைக்கு நாளுக்கு ஓரணாவுக்கு மிகாமல் மதிய உணவு கொடுக்கத் தீர்மானித்தது. பிள்ளைகள் கூடினார்கள். 1925இல் செலவைக் காட்டி நிறுத்தினார்கள், பிள்ளைகள் குறைந்தார்கள், பிறகு மறுபடி தொடங்கினார்கள். 1956இல் காமராசர், 1982இல் எம்.ஜி.ஆர்., 1989 முதல் முட்டை, 2022 முதல் காலை உணவு என்று அது வளர்ந்தது. நான் முட்டைக்கு முந்தைய காலத்தில் தட்டெடுத்து வரிசையில் நின்றவன். அந்தச் சாம்பாரில் பருப்பைத் தேடியிருக்கிறேன். ஆனாலும் ஒன்று சொல்வேன். தினம் அதே நேரத்துக்கு மணி அடித்தது. நாளைக்கும் அடிக்கும் என்று தெரிந்தது. அடைமழை மாதத்திலும் அடித்தது. நாளைக்கும் உண்டு என்று வயிறு நம்பத் தொடங்குவதுதான் உணவுப் பழக்கத்தின் முதல் பாடம். எங்கள் குடும்பத்தில் அதைப் படித்த முதல் தலைமுறை நான்.

அதே பந்தியில் சாதியும் உட்கார்ந்தது. சமையலர் பணியில் தலித்துகளுக்கு முன்னுரிமை தரவேண்டும் என்று 2004இல் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. 2018இல் அவிநாசி அருகே திருமலைக்கவுண்டன்பாளையத்தில் ஓர் அருந்ததியப் பெண் சமைக்கக்கூடாது என்று பெற்றோர் பள்ளியை முற்றுகையிட்டு, அவரை இடம் மாற்றவைத்து, நம் போராட்டத்துக்குப் பிறகுதான் அவர் மறுபடி அந்தப் பள்ளிக்கு வந்தார். ஒரிசாவின் சத்திரத்துக்கும் இதற்கும் நடுவே 152 ஆண்டுகள்.

இனி, நான் முன்பு சொன்ன தொடர்பு. முதுகலை சமூகவியல் படிக்கும்போது விடுதி மெஸ் பாக்கியைக் கட்ட முடியாமல் என் பெயரை எடுத்துவிட்டார்கள். எந்த விடுதி என்பது இப்போது முக்கியமில்லை. நண்பர்களிடம் சொல்ல வெட்கம். நான்கைந்து மாதம் காலையில் ஒரு டீ, மாலையில் ஒரு டீ, ஒரு பன். நூலகத்தில் உட்கார்ந்து அமர்த்தியா சென் எழுதிய பஞ்சம் பற்றிய புத்தகத்துக்குக் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தேன். சிரிக்காதீர்கள், உண்மை. மனதில் ஒரு பெருமையும் இருந்தது. லண்டனில் ஒரு துண்டு ரொட்டியிலும் அப்பளத்திலும் காலம் தள்ளிப் படித்த அண்ணலைப் போல நானும் படிக்கிறேன் என்ற பெருமை. மேடையில் அதைச் சொல்லும்போது அவருடைய பிற்காலத்து நீரிழிவையும் கால் வலியையும் நாம் சொல்வதில்லை. அவர் விரும்பிக் கிடந்த பட்டினி அல்ல அது. அவருக்குக் காசில்லை.

ஒரு மாநாட்டில் மாட்டுக்கறிப் பிரியாணி போட்டார்கள். இரண்டு தட்டு தின்றேன். அன்றிரவு வாந்தி, மயக்கம். நாம் இன்று நினைவுகூரும் தோழர்தான் என்னைத் தூக்கிப்போய் மருத்துவரிடம் காட்டிவிட்டு, தன் வீட்டிலேயே தங்கவைத்தார். அவர் துணைவியார், எங்களுக்கெல்லாம் அக்கா, என்னைப் பார்த்ததும் கேட்டது ஒன்றே ஒன்று. "எத்தனை மாசமாடா?" நான் பதில் சொல்லவில்லை. அவர் ஆயாவைப் போலவே கஞ்சியில் தொடங்கினார்.

எனக்குப் பசி எடுக்கவில்லை. பட்டினி நீண்டால் பசியும் போய்விடும் என்பது அப்போதுதான் தெரிந்தது. "பசிச்சா சாப்புடுறேங்க்கா" என்பேன். "உன் பசிய நம்பாத, கடிகாரத்தப் பாரு" என்பார். எட்டு மணிக்கு இட்லி இரண்டு. பதினொன்றுக்குப் பொட்டுக்கடலையும் வெல்லமும். ஒன்றரைக்குச் சோறு, கொஞ்சமாக, ஆனால் பருப்போ கறியோ இல்லாமல் இல்லை. நான்குக்குச் சுண்டல். எட்டு மணிக்கு மறுபடி. முதல் வாரம் வயிறு உப்பியது, கால் லேசாக வீங்கியது. பயந்து மருத்துவரிடம் மறுபடி போனோம், இது வருவதுதான், பார்த்துக்கொள்ளலாம் என்றார். மூன்றாவது வாரம் பசி வெறியோடு திரும்பியது. இரவில் ரொட்டித் துண்டுகளைத் தலையணைக்கு அடியில் ஒளித்து வைத்தேன். அக்கா படுக்கையைத் தட்டும்போது அதைப் பார்த்துவிட்டார். ஒரு வார்த்தை கேட்கவில்லை. மறுநாளிலிருந்து என் பாய்க்குப் பக்கத்தில் ஒரு மூடி போட்ட டப்பா இருந்தது. உள்ளே பிஸ்கட். தீரத் தீர நிரப்பினார். இரண்டு மாதத்தில் டப்பாவைத் திறப்பதே மறந்துபோனது. பல வருடம் கழித்து மின்னசோட்டா இளைஞர்களும் உணவை ஒளித்து வைத்தார்கள் என்று படித்தபோதுதான் நான் திருடன் இல்லை என்று எனக்கு உறுதியானது.

தோழர் தன் பங்குக்கு ஒரு காரியம் செய்தார். எப்போதும் என்னோடு உட்கார்ந்து சாப்பிட்டார். கூட்டம் இருந்தால்கூட ஒன்றரைக்கு வீட்டுக்கு வந்துவிடுவார். இந்த மன்றத்தின் நிகழ்ச்சிகளில் மதியம் ஒன்றரைக்கு யார் பேசிக்கொண்டிருந்தாலும் ஒலிபெருக்கியை நிறுத்திவிடும் வழக்கம் எப்படி வந்தது என்று இளைய தோழர்கள் கேட்பீர்கள். அப்படி வந்ததுதான்.

அரிசி இப்போது ரேஷனில் இலவசமாகக் கிடைக்கிறது. என் அப்பா காலத்துப் பட்டினி எங்கள் சேரியில் இன்று இல்லை. அதைக் குறைத்துச் சொல்ல எனக்கு உரிமை இல்லை. ஆனால் கேழ்வரகும் கம்பும் இருந்த பானையில் மூன்று வேளையும் வெள்ளைச் சோறு மட்டும் வந்து உட்கார்ந்தது. டெம்பிளின் ஒரு பவுண்டு பல பவுண்டாகிவிட்டது, கார்னிஷ் கேட்ட பருப்பும் காய்கறியும் இன்னும் அளந்துதான் வருகின்றன. நெதர்லாந்தில் 1944-45 பஞ்சக் குளிர்காலத்தில் கருவிலிருந்த குழந்தைகள் ஐம்பது வயதானபோது அவர்கள் உடல் சர்க்கரையைக் கையாளத் திணறியதை ஆய்வுகள் காட்டின. அது சில மாதப் பட்டினி. தலைமுறைகளாகத் தொடர்ந்த பட்டினி என்ன செய்திருக்கும் என்று நம் சேரிகளில் யாராவது அளக்கவேண்டும். மருத்துவம் படிக்கும் தோழர்கள் இங்கே இருக்கிறீர்கள், உங்களிடம்தான் கேட்கிறேன். என் அப்பாவுக்கு நாற்பத்தைந்து வயதில் சர்க்கரை வந்தது. எதனால் என்று என்னால் நிரூபிக்க முடியாது. மூன்றாம் நாள் சோற்றில் பிழைத்த அந்தப் பிள்ளை, கடைசி வருடங்களில் சோற்றை அளந்து போடச் சொன்ன மருத்துவரிடம் கோபித்துக்கொண்டு வந்துவிட்டார். "ஆயுசுல பாதி அளந்து போட்டானுங்க. இப்ப நீயுமா?" என்றார். அவருக்குக் கேழ்வரகுக் களியைத் திரும்பப் பழக்க எனக்கு ஒரு வருடம் ஆனது. அம்மா கிண்ட, நான் பக்கத்தில் உட்கார்ந்து அதையே சாப்பிட, கருவாட்டுக் குழம்பு இருந்தால் மட்டும் இறங்கியது.

மணி ஒன்று இருபத்தைந்து ஆகிறது. கேள்விகளைச் சாப்பாட்டுக்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம். விடுதியிலிருந்து வந்திருக்கும் மாணவர்கள் முதல் பந்தியில் உட்காருங்கள். காலையில் சாப்பிடாமல் வந்தவர்கள் யார் என்று நான் கேட்கப்போவதில்லை. பரிமாறும் தோழர்கள் பார்த்துக்கொள்வார்கள்.